வாகனமில்லாத பறவைகள்

தேனி மாவட்டத்தின் நீர்நிலைகளில் பெரும்பாலானவை மனிதர் கட்டியவை. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டதும், மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. வைகை அணை 1959-இல் எழுந்தது. நெல்லுக்கும் குடிநீருக்கும் தேக்கிய இந்த நீருக்கு நீர்க்காகமும் நத்தைகுத்தி நாரையும் யாரும் அழைக்காமலே வந்து சேர்ந்தன. மனிதர் தமக்கெனத் தேக்கிய நீரில் அவற்றுக்கு உரிமை உண்டா?

சமயம் இதற்குத் தரும் பழகிய விடை, வாகனம். குச்சனூர் சுயம்பு சனீஸ்வரர் கோயிலில் காகத்துக்கு மதிப்பு உண்டு. அது சனி பகவானின் வாகனம். முன்னோர் காக வடிவில் வருவதாக நம்பி, அதற்குச் சோறு வைத்த பிறகே உண்ணும் வீடுகள் இன்றும் உள்ளன. மயிலுக்கு முருகன், கருடனுக்குப் பெருமாள். மனத்தை விரியச் செய்யும் வழக்கம்தான் இது. ஆனால் முக்குளிப்பான்மீதும் தாழைக்கோழிமீதும் எந்தச் சாமியும் ஏறி வருவதில்லை. வாகனம் என்பதால் மட்டுமே ஒரு பறவை காக்கப்படுமானால், கண்மாயில் உள்ளவற்றில் பெரும்பகுதி காப்பின்றி நிற்கும்.

இன்னொரு விடை அதே பள்ளத்தாக்கின் பாறையிலேயே இருக்கிறது. உத்தமபாளையத்தில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும், அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயர் சொல்லும் வட்டெழுத்துப் பொறிப்பும் உள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை அவை. சமணத்தில் உயிருக்கு மதிப்புத் தர ஒரு தெய்வம் தேவையில்லை. ஒவ்வோர் உயிரும் தன்னளவில் முழுமையானது. சமணப் பார்வையில் நீரே உயிர்களின் உடல். அப்படியானால் தேக்கிய நீர் முற்றிலும் தன்னுடையது என்று மனிதன் சொல்லிக்கொள்வதற்கே இடமில்லை. சமண முனிவர்கள் தமக்கு முன்னுள்ள தரையைப் பார்த்தே அடி வைப்பர். உயிர்கள் பெருகும் மழைக்காலத்தில் பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவர். நடை என்பதே அங்கு அறத்தின் பகுதி.

நாரை மீனைக் கொல்கிறதே என்று கேட்கலாம். அது பிறவியின் இயல்பில் செய்வது. கொல்லாமையை முழு விரதமாக ஏற்கக் கூடியது மனிதப் பிறவி மட்டுமே. எனவே கடமையும் மனிதனுடையது.

அந்தக் கடமை எத்தகையது? வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது, பசித்த உயிருக்கு உணவளிப்பதையே சீவகாருண்யத்தின் முதற்செயலாகக் கொண்டார். பசித்த மனிதருக்கு அதைவிட உயர்ந்த அறம் இல்லை. ஆனால் கண்மாய்ப் பறவைக்குச் சோறு வேண்டாம். நத்தையும் மீனும் சேறும், கூடு கட்டக் கருவேல மரமும் போதும். அதற்குச் செய்ய வேண்டியது கொடுப்பது அல்ல, விலகி நிற்பது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் இதைச் செய்து காட்டுகிறார்கள்: பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்துக்கு இதைவிட வலுவான வேலி கிடையாது.

பறவை பார்க்கக் கரையில் நடப்பவருக்கும் இதே அறம்தான். படம் எடுக்கக் கூட்டை நெருங்கினால் தாய் எழுந்து போகும். முட்டை வெயிலில் கெடும், அல்லது காகம் கொத்திப் போகும். ஆகவே கூடு கட்டும் காலத்தில் கரையைவிட்டு இறங்காதீர்கள். பறவை மேய்வதை விட்டுத் தலை நிமிர்த்தினால், அதற்கு மேல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.