சாவா மூவாப் பேராடு

உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், அச்சணந்தி முதலிய முனிவர் பெயர் தாங்கிய வட்டெழுத்துகளையும் தரிசித்துத் திரும்புவோர், கம்பம் பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்ந்திருப்பதையும் காணலாம். பகலெல்லாம் மேய்ந்த செம்மறி மந்தை இரவில் வயலில் அடைபடும். அதன் புழுக்கையும் சிறுநீரும் அடுத்த நடவுக்கு உரமாகும். நம் ஊர்களில் ஆடு மடக்குதல் என்பதும் இதுவே. கொல்லாமல் ஆட்டினால் பெறும் பயன்களில் இதற்கு நிகரானதை நாம் அறியோம்.

கம்பளி உண்டே எனலாம். தென்மாவட்டச் செம்மறிகளுக்கு அது பொருந்தாது. கீழக்கரிசல், வேம்பூர், வாடிப்பட்டியை அடுத்த கச்சைகட்டியின் கருப்பு ஆடு ஆகியவற்றின் உடலில் இருப்பது கம்பளியன்று, குட்டை மயிரே. கம்பளிக்கு நீலகிரி ஆடு வேண்டும். ஆகவே நாட்டினங்களைக் காக்க வேண்டும் என்று இன்று பேசப்படும்போது, கிடைக்கூலி நீங்கலாக எஞ்சி நிற்பது இறைச்சியே. கச்சைகட்டிக் கிடாய்க்கு மற்றொரு பெருமையும் சொல்வர்; அது கிடாமுட்டு. இரு கிடாய்கள் மண்டையோடு மண்டை மோதுவதைச் சுற்றி நின்று பார்ப்பதைப் பாரம்பரியம் என்று போற்ற நமக்கு மனம் வரவில்லை.

இவ்விடத்தில் ஒரு வாதம் எழுகின்றது. உண்போர் இருப்பதால்தான் இவ்வினங்கள் பிழைத்திருக்கின்றன. எல்லோரும் புலால் மறுத்தால் இவை அற்றுப்போகும். எனவே உண்பவனே காப்பவன் என்பர். நம் வீட்டு இளைஞர்களே இதனைக் கேட்கிறார்கள். சினந்து பயனில்லை, விடை கூற வேண்டும்.

பழைய சாசனங்களில் கோயில் நந்தாவிளக்கிற்கு ஆடுகள் விடப்பட்ட செய்தி மிகுதி. சோழநாட்டில் ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். பாண்டிநாட்டில் 50 எனவும் காண்கிறோம். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடு ஒவ்வொன்றும் மூத்தது, செத்தது. இடையர் ஒப்புவிக்க வேண்டிய எண் மட்டும் குறையவில்லை. இன்று இனம் என்று நாம் கூறுவதும் அத்தகைய கணக்கே. இனம் கத்தியைக் கண்டு நடுங்குவதில்லை. அதற்கு வினைக்கட்டும் இல்லை. நம் ஆகமம் ஜீவன் என்று கூறுவது தனித்தனி உயிரை. ஐம்பொறியும் மனமும் உடைய அந்த ஒரு கிடாயை. பிறவாத ஆட்டிற்கு எவரும் இம்சை செய்ய இயலாது. பிறந்ததைக் கொன்றுவிட்டு, அதன் இனத்தைக் காத்தேன் என்பது கணக்கைக் காட்டி உயிரை மறைப்பதாகும்.

ஆயினும் இத்துடன் நாம் விடுபட்டுவிடவில்லை. தாம் கொல்லாது பிறர் கொன்றதை உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்தர் கூற்றை நீலகேசி மறுத்தது. அம்மறுப்பு நம் பக்கமும் திரும்பும். கிடை போட வரும் கீதாரியிடம் நாம் பேரம் பேசிக் கூலியைக் குறைக்கிறோம். அக்கூலியால் மட்டும் அவர் குடும்பம் வாழாது. கிடாய்க்குட்டிகளை வியாபாரிக்கு விற்றே வாழ்கிறார். நம் வயலுக்கு உரம் மலிவாகக் கிடைப்பது அந்த விற்பனையின் துணையால்தான். இது சங்கற்ப இம்சை அன்று என்போம், சரிதான். ஆனால் அதில் நமக்குப் பங்கே இல்லை என்று எவ்வாறு கூறுவது?

2024 ஜூனில் தில்லியில் ஜைனர் சிலர் பக்ரீத்திற்கு முன் 124 ஆடுகளை விலைக்கு வாங்கிக் காத்தனர். அவர்தம் இரக்கம் மெய்யானது. எனினும் அப்பொருள் சென்றது சந்தைக்கு. சந்தை அதைக்கொண்டு மேலும் ஆடுகளை வாங்கும். அத்தகைய தொகையைக் கிடைக்கூலியை உயர்த்தவும், ஈனுதல் நின்ற மூத்த ஆடுகளையும் கிடாய்க்குட்டிகளையும் விற்காமல் மந்தையிலேயே வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் கீதாரிக்கு ஈடு தரவும் செலவிடுதல் தகும் என்பது எம் கருத்து. கிடாய்களுக்கும் புழுக்கை உண்டல்லவா! ஓர் ஊர் ஜினாலயத்தார் கூடினால் ஒரு மந்தையளவிலேனும் இதைத் தொடங்கலாம். எத்தனை ஆடு, எவ்வளவு ஈடு என்பதைக் கீதாரியை உடன் வைத்துக்கொண்டே பேச வேண்டும். அந்தக் கணக்கு அவருக்கே தெரியும்.