வேதத்தில் கட்டளையிடாத திருநாட்கள்



நம் குடும்பங்கள் சிலவற்றில் வேறு சபையைச் சேர்ந்த மருமகனோ சம்பந்தியோ இருப்பதுண்டு. “டிசம்பர் 25-ஐக் கொண்டாட வேதாகமத்தில் எங்கே கட்டளை இருக்கிறது? வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8-ல் தேவமாதாவின் பிறந்த நாள் என்கிறீர்களே, எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது?” என்று அவர்கள் கேட்டால், நம்மவர் விடை தெரியாமல் கோபித்துக்கொள்கிறார்கள். கோபம் எதற்கு? அந்தத் தேதிகள் வேதத்தில் இல்லைதான்.

ஆனால் எழுதப்படாததெல்லாம் விலக்கப்பட்டது ஆகுமா? யூதர்களின் தேவாலயப் பிரதிஷ்டைத் திருநாளை மோயீசன் கட்டளையிடவில்லை. கி.மு. 164-ல் யூதாஸ் மக்கபேயும் அவன் சகோதரரும் சபையாரும் அதை ஏற்படுத்தினார்கள். அத்திருநாளின்போது நமது ஆண்டவர் தேவாலயத்தில் உலாவினார் என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார் (10:22-23). அதைக் கண்டித்தார் என்று எழுதவில்லை.

1647-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்து பிறப்புத் திருநாளை ஒழித்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினவருக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் வைத்திருந்தார்கள். வேதம் விதிக்காத நாள் வேண்டாம் என்றவர்கள், வேதம் விதிக்காத அபராதத்தை விதித்தார்கள்! நாட்களைக் குறித்து ஒருவரையொருவர் தீர்ப்பிட வேண்டாம் என்பதே அர்ச். சின்னப்பர் உரோமையருக்குச் சொன்ன புத்தி. ஆகையால் திருநாள் கொண்டாடாத உறவினரை நாமும் பரிகசிக்கலாகாது.

இனி நம் பக்கம் பார்ப்போம். திருச்சபை ஏற்படுத்திய நாட்களைத் திருச்சபையே குறைத்ததும் உண்டு. 1642-ல் 8-ம் உர்பன் பாப்பரசரும், 1911-ல் அர்ச். 10-ம் பத்திநாதரும் கடன் திருநாட்களைக் குறைத்தார்கள். கூலிவேலையால் பிழைக்கும் ஏழைகளின் முறையீடும் உர்பன் பாப்பரசரின் காதில் விழுந்திருந்தது. ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் அனுசரி என்பதோ சர்வேசுரனுடைய கற்பனை. அதை எந்தப் பாப்பரசரும் நீக்கவில்லை.

நம்மிலோ, தேர் இழுக்க ஓடி வருகிறவர் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. புதுத்துணிக்கும் விருந்துக்கும் பட்டாசுக்கும், அறுக்காத மணிலாவை நம்பி வட்டிக்கு வாங்குகிறவரும் உண்டு. கடன் திருநாள் என்றால் சர்வேசுரனுக்குச் செலுத்தும் கடன். வட்டிக்கடையில் வாங்கும் கடன் அல்ல.

திருநாள் நம்மை ஆண்டவரிடம் சேர்த்தால் நல்லது. அதைத் தாராளமாய்க் கொண்டாடுங்கள். ஆனால் வரி கொடுக்கவில்லை என்பதற்காக ஓர் ஏழை விதவையின் வாசலில் தேர் நிற்காமல் போகுமானால், அன்றைக்கு மட்டும் அந்தச் சம்பந்தி சொல்வது சரி: அப்படிப்பட்ட திருநாளுக்கு வேதத்தில் இடமில்லை.