ஆடாத பார்வை

சென்ற மாதம் ஒரு சின்னச் சாமான் வாங்கப் போய்ப் பெரிய வம்பில் மாட்டிக்கொண்டேன். சாமான் என்னவோ உள்ளங்கை அகலம்தான். பைனாகுலரை முக்காலியின் மேல் உட்கார வைப்பதற்கு இரண்டுக்கும் நடுவில் பொருத்துகிற துண்டு. கடைக்காரர்கள் அதை அடாப்டர் என்கிறார்கள். வாங்கியதோடு நிற்காமல் அதன் வழியாகப் பார்க்கவும் செய்தேனே, அதில்தான் வம்பு பிறந்தது.

பைனாகுலர் என் பெரியப்பாவுடையது. பட்டாளத்துக் கழிவுச் சாமானாக எந்தக் காலத்திலோ அவர் கைக்கு வந்தது. ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். முன்பக்கத்து லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர் அகலம். தூக்கினால் ஒரு கிலோ பூசணிக்கீற்றைத் தூக்குவது போலிருக்கும். ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை முழுவதும் தெரியும். மாலையில் ஏற்காட்டுச் சாலையின் வளைவுகளில் மோட்டார் விளக்குகள் ஏறுவதைப் பார்ப்பதற்காக அதை எடுத்துக்கொண்டு போவேன். இரண்டு நிமிஷம் பார்ப்பதற்குள் விளக்குகள் கூத்தாடத் தொடங்கிவிடும். மலை ஆடவில்லை, என் கைதான் ஆடுகிறது. பைனாகுலர் மலையை மட்டும் ஏழு மடங்காக்குவதில்லை, பார்க்கிறவனின் நடுக்கத்தையும் ஏழு மடங்காக்கித்தான் தருகிறது. பத்து மடங்குக் கருவி என்றால் நடுக்கமும் பத்து மடங்கு. மூச்சும் நாடித்துடிப்பும்கூட அதில் தெரியும். நாற்பதைத் தாண்டிய கைகளுக்கு முக்காலி அவசியம் என்ற முடிவுக்கு இப்படித்தான் வந்தேன்.

கடையில் புதுப் பைனாகுலர்களின் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றின் மேல் கிளைக்கொம்பு மானின் படம் போட்டு, வேட்டைக்கு உகந்தது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

"வேட்டைக்கு யாருங்க வாங்குறாங்க?" என்று கேட்டேன்.

"பறவை பாக்குறவங்கதான் சார் வாங்குறாங்க. வேட்டையாடுனா உள்ள தள்ளிருவாங்களே!" என்று சிரித்தார் கடைக்காரர்.

வாஸ்தவம்தான். 1972-ல் வந்த வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பிறகு 1991-ல் செய்த திருத்தமும் சேர்ந்து, நம் நாட்டில் வேட்டை என்ற பொழுதுபோக்கையே மூடிவிட்டன. ஆனால் வேட்டைக்காரனுடைய கண்ணாடி மட்டும் அட்டைப்பெட்டியில் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இன்னும் விற்பனையாகிறது.

அடாப்டரில் இத்தனை ஜாதி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. புதுக் கருவிகளில் பலவற்றுக்கு இரண்டு குழல்களையும் சேர்க்கும் கீலின் முன்முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே கால் அங்குல மரை. காமிராவின் அடியிலும் அதே மரைதான். ஆங்கில 'எல்' எழுத்தைப் போல் வளைந்த துண்டை அதில் திருகி, மறுமுனையை முக்காலியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. விலை குறைவு என்று பிளாஸ்டிக்கில் வாங்கினால் அது பாரத்துக்கு வளைந்து கொடுக்கும். கை நடுக்கம் போய்த் துண்டின் நடுக்கம் வந்து சேரும். நெட்டித் தள்ளியதும் கழன்று வருகிற அவசரப் பூட்டு வைத்த ஜாதி ஒன்றும் இருக்கிறது. மிருகத்தைக் கண்டதும் கண்ணாடியை உருவி விட்டுத் துப்பாக்கியை எடுக்கிறவனுக்கு அது தேவைப்படும். எனக்கு அந்த அவசரம் ஏது?

பெரியப்பாவின் கிழட்டுக் கருவியிலோ மரையே இல்லை. அதற்கு இரண்டு வழிகள்தான் என்றார் கடைக்காரர். ஒன்று, கீல் தண்டையே பல்லால் கவ்வுவது போலப் பிடித்துக்கொள்ளும் பிடி. மற்றொன்று, சின்னப் பலகை. அதன் மேல் பைனாகுலரைப் படுக்க வைத்து வாரால் இறுக்கிக் கட்டவேண்டும். முதலாவது உறுதி அதிகம்தான். ஆனால் பெரியப்பாவின் உள்ளங்கை தேய்த்து மழுங்கவைத்த அந்தப் பித்தளையை இரும்புப் பல் கவ்வ எனக்கு மனம் வரவில்லை. பலகையையே வாங்கி வந்தேன். அன்றிரவு வியாழனுக்கு நேரே திருப்பி வைத்தேன். கையில் பிடித்தபோது வெறும் ஒளிக்கீறலாய்த் துடித்த கிரகம் அசையாத பொட்டாக நின்றது. பக்கத்தில் மூன்று கடுகுகள்! 1610-ல் கலிலியோ பார்த்த நிலாக்கள்தான் அவை. நாலாவது எங்கேயோ ஒளிந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பெரியப்பா முக்காலி வைத்துக்கொண்டதில்லை. அவருக்கு மரத்தின் கவட்டைதான் முக்காலி. "கண்ணு, கவட்டையில் வைக்காமல் பார்த்தது பார்வையே இல்லை" என்பார். இது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அனுமதிச் சீட்டு வாங்கி வேட்டையாடிய காலத்தில் ஒரு சாயங்காலம் பென்னாகரம் பக்கத்துக் காட்டில் கவட்டை அகப்படாமல் கையிலேயே பிடித்துப் பார்த்தாராம். ஆடுகிற வட்டத்துக்குள் கொம்பு தெரிந்தது. சுட்டார். போய்ப் பார்த்தால் கொம்பு என்று நினைத்தது பட்டுப்போன கிளை. விழுந்து கிடந்தது சினைப் பெண்மான்.

அன்றோடு துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நானே அப்படி ஒரு கதை எழுதிப் பணம் வாங்கியிருக்கிறேன். ஆனால் அவர் எறியவில்லை. சட்டம் வரும் வரைக்கும் வேட்டைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். கவட்டை கிடைக்காத இடத்தில் மட்டும் சுடாமல் திரும்பினார், அவ்வளவுதான்.

இது பல வருஷங்களாக என்னைத் தொந்தரவு செய்யும் விஷயம். ஒரு ஜீவனை உற்றுப் பார்த்தால் கருணை பிறக்கும் என்று நாம் எழுதுகிறோம், மேடையிலும் பேசுகிறோம். அப்படியானால் வேட்டைக்காரனைவிடக் கருணாமூர்த்தி யார்? கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் பல அந்நாளைய சேலம் ஜில்லாக் காடுகளில் நடந்தவை. 1965-ல் தருமபுரி பிரிகிறவரை பென்னாகரமும் தேன்கனிக்கோட்டையும் நம் ஜில்லாதானே. அந்த மனிதர் ராத்திரி முழுவதும் பரண்மேல் உட்கார்ந்து, காட்டில் சருகு நொறுங்கும் சப்தத்தைக்கூட இனம் பிரித்துக் கேட்டிருக்கிறார். நானோ ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் பையோடு நிற்கிறவன். எந்த ஆட்டின் கண்ணையும் இதுவரை பார்த்ததில்லை. பார்த்துக் கொன்றவர் பாவியா, பாராமல் தின்கிற நான் பாவியா? புலால் மறுத்தலுக்கு ஒரு தனி அதிகாரமே வைத்த வள்ளுவர் என் பக்கம் பேசமாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

கொல்லிமலை ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாயைப் பிளந்தேன். இப்போது வேறு சந்தேகம் வருகிறது. யானையை ஓரி பார்த்திருப்பான்; அந்த உடும்பைப் பார்த்திருப்பானா?

முக்காலி வந்த மறுவாரம் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். பள்ளி நாளிலிருந்து பழக்கம். வாடா போடா என்று பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். காலையில் எதிர்ச் சரிவில் காட்டெருமை மந்தை ஒன்று மேய்ந்தது. எருமை என்று நாம் அழைத்தாலும் அது மாட்டினம். கைப்பிடியில் பார்த்தவரைக்கும் கரிய மேனியும் வெள்ளைக் காலுறை போட்ட கால்களும் தெரிந்தன. ஒரு பசுவின் பின்னங்காலில் ஏதோ கொடி சுற்றியிருந்தது. முக்காலியைப் பிரித்து, பலகையில் கருவியைக் கட்டி, மூச்சை விட்டுவிட்டுப் பார்த்தேன். கொடி இல்லை. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பி. கண்ணியாக வைத்ததை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கம்பி சதைக்குள் இறங்கிய இடத்தில் ஈ மொய்த்தது. பசு கால் மாற்றி நிற்கும்போதெல்லாம் அந்தக் காலை மட்டும் ஊன்றாமல் நின்றது.

சிநேகிதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தான்.

"பன்னிக்கு வச்சதுடா. ஆளுங்க வைக்கிறாங்க. நான் சொன்னா கேக்குறாங்களா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீ பார்க்காத மாதிரி இருந்துடு" என்றான்.

சட்டப்படி கண்ணி வைப்பதும் வேட்டைதான். ஆனால் இந்த வேட்டையில் கவட்டையும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். வைத்தவன் வீட்டில் தூங்குவான். பன்றியோ மானோ சினைப் பசுவோ, எது வந்தாலும் கம்பி இறுகும். ஆள் யாரும் பார்க்காமலே எல்லாம் நடந்து முடிகிறது. பெரியப்பாவுக்கு அந்தப் பெண்மானின் கணக்கு கடைசிவரை நினைவிருந்தது. இந்தக் கம்பிக்கு எந்தக் கணக்கும் கிடையாது. கையிலேயே பிடித்துப் பார்த்திருந்தால் எனக்கும் அது கொடியாகவே இருந்திருக்கும். காப்பியைக் குடித்துவிட்டு நிம்மதியாக இறங்கியிருப்பேன். நான் தேடித் தேடி வாங்கிய அந்தத் துண்டுதான் அந்த வசதியைக் கெடுத்தது.

மறுநாள் காலையில் இருவரும் கட்டிங் பிளேயரோடு வேலியோரம் நடந்தோம். நாலு கண்ணிகள் கிடைத்தன. வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டையூசி வளைவில் வண்டியை நிறுத்தி வனத்துறைக்குப் போன் செய்தேன். பசு, கால், கம்பி எல்லாம் சொன்னேன். எந்தத் தோட்டத்து ஓரம் என்று கேட்டார்கள். சரிவின் பெயரைச் சொன்னேன். தோட்டத்தின் பெயர் தொண்டைவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

நேற்று அங்கிருந்து கூப்பிட்டார்கள். மந்தை மேற்கே நகர்ந்துவிட்டதாம். அந்தப் பசு பின்தங்கி நடக்கிறதாம், கம்பி இன்னும் காலிலேயே இருக்கிறதாம். மயக்க ஊசி போட டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அடையாளம் காட்ட என்னால் பைனாகுலருடன் வரமுடியுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பலகையின் வார் தளர்ந்திருந்தது, இறுக்கி வைத்தேன். சிநேகிதன் இன்னும் போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தின் பெயரை மறுபடியும் கேட்பார்கள்.