ஆசனமும் கடப்பாடும்: மாத்தளை மாவட்டப் பெண்களின் அரசியற் பங்குபற்றல் பற்றியதொரு நோக்கு

பெற்றவர் கொடுத்தவருக்குக் கடப்பாடுடையவர் என்பது தமிழர் அறவியலில் ஐயத்துக்கிடமின்றி ஏற்கப்பட்ட ஒரு கருத்து. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். செஞ்சோற்றுக் கடன் தீர்த்த கன்னன், அறத்தின் பக்கம் நில்லாதபோதும், மக்கள் மனத்தில் இழிவடையாது வாழ்வதற்கும் இவ்வுணர்வே காரணம். ஆயின், கொடுக்கப்பட்ட பொருள் கொடுத்தவருக்கு உரியதன்றெனின் அக்கடப்பாடு யாதாகும்? இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலின் பின்னர், இலங்கையின் ஏனைய பகுதிகளிற் போன்றே மாத்தளை மாவட்டத்திலும், சபைக்குட் புதிதாக நுழைந்த பெண்கள் பலரின் முன் இவ்வினா வந்து நின்றது.

2016ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல்கள் திருத்தச் சட்டம், உள்ளூராட்சி மன்றங்களில் நாலிலொரு பங்கு இடம் பெண்களுக்குரியது என விதித்தது. அதுவரை அம்மன்றங்களின் உறுப்பினருட் பெண்கள் நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே இருந்தனர். 2018இல் அவ்விகிதம் நூற்றுக்கு இருபதைக் கடந்தது. ஒரே தேர்தலில் நிகழ்ந்த இப்பாய்ச்சலைச் சிறிதென ஒதுக்குதல் நேர்மையாகாது. எனினும், அப்பெண்கள் எவ்வாயிலால் உள்ளே வந்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். உறுப்பினருள் நூற்றுக்கு அறுபதின்மர் வட்டாரங்களிலிருந்து வாக்காளரால் நேரடியாகத் தெரிவாகின்றனர். எஞ்சிய நாற்பதின்மர் கட்சி பெற்ற வாக்கு விகிதத்துக்கேற்பப் பட்டியலிலிருந்து வருகின்றனர். வட்டார வேட்பாளருட் பெண்கள் பத்திலொரு பங்கு இருந்தாற் போதுமானது. மேலதிகப் பட்டியலிலோ அவர்கள் அரைப்பங்கினராதல் வேண்டும். இதனால் சபைக்கு வந்த பெண்களுட் பெரும்பாலோர் பட்டியல் வழியாகவே வந்தனர். பட்டியலிற் பெயருடையோருள் யார் சபைக்குச் செல்வது என்பதைத் தேர்தல் முடிந்த பின்னர் பெயர் குறித்து அனுப்புபவர் கட்சியின் செயலாளர்.

வட்டாரத்தில் வென்றவருக்குத் தாம் யாரால் வந்தோம் என்பதில் மயக்கமில்லை. தெருவால் நடந்து சென்றாற் கேள்வி கேட்போர் எதிர்ப்படுவர். பட்டியலால் வந்த பெண்ணுக்கோ அத்தகைய தெரு இல்லை. அவரை அறிந்து வாக்களித்தோர் எனச் சுட்டத்தக்க எவரும் இலர். அறிந்து பெயரெழுதியவர் ஒருவர் உளர். எனவே நன்றியுணர்வு அவ்வொருவரை நோக்கியே இயல்பாகச் சாய்கின்றது. சபையிற் கை உயர்த்த வேண்டிய வேளையில் அக்கை யாருடைய குறிப்புக்காகக் காத்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

மாத்தளையைப் பொறுத்தவரை இதற்கு நீண்டதொரு முன்வரலாறு உண்டு. மன்னாரிலிறங்கி, காட்டுவழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டின் வாயிலாகக் கண்டது மாத்தளையையே. பின்னர் இறத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ, உக்குவளை முதலிய பகுதிகளின் தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்களில் அவர்கள் நிலைகொண்டனர். இவர்தம் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என்னும் கேள்வி டொனமூர் ஆணைக்குழுவின் முன் எழுந்தது. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பிற் சாட்சியமளித்த அக்னஸ் டி சில்வாவிடம் இது வினவப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே என்ற பொருள்பட அவர் தயக்கமின்றி விடையிறுத்தார். கற்றறிந்த தமிழ்த் தலைவரான சேர் பொன்னம்பலம் இராமநாதனோ பெண்களுக்கு வாக்குரிமை ஆகாதெனவே வாதிட்டார். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் பொருட்டுப் பேசியவர் தமிழரல்லாத ஒரு பெண், எதிர்நின்றவர் தமிழர். ஓரினத்தவரே அவ்வினத்தவர்க்குப் பிரதிநிதி என்ற எளிய கணக்கு இங்கே பொய்க்கின்றது.

1931இல் சருவசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. நிரந்தரக் குடியிருப்பை நிறுவக்கூடிய தோட்டத் தொழிலாளரும் வாக்காளராயினர். தமிழ்நாட்டிலிருந்த அவர்தம் இனசனத்தார் வயதுவந்தோர் அனைவர்க்குமான வாக்குரிமையை 1951-52 பொதுத் தேர்தலிலேயே முதன்முதற் கண்டனர். அவ்வகையில் இறத்தோட்டைத் தோட்டப் பெண் ஊரிலிருந்த தன் உறவினளுக்கு இருபதாண்டு முந்தியிருந்தாள். அம்முந்துதல் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டமும் அவ்வாக்கை மீளப் பறித்தன.

ஒரு பெண் உச்சியில் அமர்ந்தால் அடியிலுள்ள பெண்களின் நிலை தானே உயரும் என்ற நம்பிக்கைக்கும் இங்கு விடை உண்டு. 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட மாத்தளைத் திசாவை இரத்வத்தையின் வழிவந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா, 1960 யூலை 21இல் உலகின் முதற் பெண் பிரதமரானார். கொலையுண்ட கணவரின் நிழலென அன்று அவரை எள்ளியோர் பலர். அவர் எவருடைய நிழலுமல்லர் என்பதை உலகம் விரைவிலேயே கண்டுகொண்டது. ஆயின் 1964 அக்டோபர் 30இல் அவர் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் செய்த ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என மக்களைப் பங்கிட்டது. மேலும் 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுமென விடப்பட்டது. அவ்வெண்ணிக்கைகளைத் தீர்மானித்த மேசையில் தோட்டப் பெண் ஒருத்தியேனும் இருந்ததில்லை. மேசையின் தலைப்பில் ஒரு பெண் இருந்தார் என்பது அவளுக்கு யாதொரு பயனும் தரவில்லை. நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் முடிவுற 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலையகத்தில் அரசியலுக்குச் செல்லும் படிக்கட்டு தொழிற்சங்கமே. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1930களில் தொழிலாளர் கூட்டங்களிற் பாடியும் எழுதியும் தம் பங்குக்கு அரசியல் நடத்தியவர். அவர் காட்டிய வழி அகலவில்லை. தோட்டங்களிற் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்கள். சங்கத்துக்கு மாதாமாதம் சம்பளத்திற் பிடிக்கப்படும் சந்தாவில் அவர்களது பங்கு பெரிது. எனினும் தோட்டத் தலைவர் என்றால் அவர் ஆண் என்பதும், பெண்ணுக்குரியது மாதர் சங்கத் தலைவி என்னும் பதவியே என்பதும் பேசாமலே முடிவாகிவிட்டன. மாதர் தலைவியின் பணி பெரும்பாலும் கூட்டத்துக்கு ஆட்சேர்த்தலும் மே தின ஊர்வலத்துக்குப் பெண்களை அழைத்து வருதலுமாக அமைந்தது. இவ்வமைப்பின் விளைவை ஒரு செய்தியால் அறியலாம்: ஒரே மலையில் வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்துக்குப் பின்னரேயாம். சங்கங்கள் தோன்றிப் பல பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

சிங்களக் கிராமங்களின் நிலை இதனின்றும் வேறென எண்ணுதல் தவறு. கலேவெல, நாவுல முதலிய இடங்களில் மரண உதவிச் சங்கங்களையும் சமுர்த்திக் குழுக்களையும் தாங்கி நிற்போருட் பெண்கள் பலர். தேர்தல் காலத்தில் வீடு வீடாகச் செல்பவர்களும் அவர்களே. வேட்பாளர் பட்டியல் எழுதப்படும் இரவில் மட்டும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்போடு வந்த விகிதாசார முறையும், அதனையொட்டிய விருப்பு வாக்கும் மாவட்டம் முழுவதும் சுற்றிப் பணம் செலவிடக்கூடியோருக்கே வாய்ப்பளித்தன. இரவிற் சுவரொட்டி ஒட்டும் போட்டி எத்தகைய வன்முறையில் முடியக்கூடும் என்பதை அறிந்த குடும்பங்கள் தம் பெண்களை அதற்கு விடுவதில்லை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீளலாம். செஞ்சோற்றுக் கடன் என்பதற்கு மகாபாரதத்திலேயே ஒரு மறுபக்கம் உண்டு. அர்ச்சுனன் தபசு ஆடப்படும் தோட்டங்களில் பாரதக் கதை அறியாதார் அரியர். சூதிற் பணயமாக வைக்கப்பட்ட பாஞ்சாலி அத்தினாபுரத்துச் சபையில் இரக்கம் வேண்டி மட்டும் நின்றாளல்லள். ஒரு சட்ட வினாவையும் எழுப்பினாள். தன்னையே முன்னர் தோற்றுவிட்டவனுக்கு அவளைப் பணயம் வைக்கும் உரிமை எங்ஙனம் வந்தது என்பதே அது. அரசனின் சோறுண்ட பெரியோர் அதற்கு நேரிய விடை கூறாது தத்தளித்தனர். விகர்ணன் ஒருவனே வாய்திறந்தான். தனக்குரியதல்லாததைக் கொடுக்கவோ எடுக்கவோ ஒருவனுக்கு உரிமையுண்டோ என்பதே அவ்வினாவின் உட்பொருள். பட்டியல் ஆசனத்துக்கும் இதுவே பொருந்தும். சட்டம் நாலிலொன்றை விதித்தது. வாக்காளர் இட்ட வாக்குகள் கட்சிக்கு அவ்விடங்களைப் பெற்றுத் தந்தன. செயலாளரின் கை செய்ததெல்லாம் பெயரை எழுதியது மாத்திரமே. அன்னசத்திரத்திற் சோறு பரிமாறியவருக்கு முகமலர்ச்சி காட்டலாம். அவருக்குச் செஞ்சோற்றுக் கடன் பட்டதாகக் கருதுதல் நெல் விளைத்தவரை மறப்பதாகும்.

ஆண்களும் கட்சியின் தயவால் வருகின்றனரே, பெண்களிடம் மட்டும் இத்தூய்மையை எதிர்பார்ப்பது முறையோ எனின், அவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. கட்சிக்குப் பணிந்து கையுயர்த்தும் ஆண் உறுப்பினரை எவரும் பதிலாள் என அழைப்பதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. செயலாளரோடு முரண்பட்ட ஆணுக்கு வட்டாரமோ, சங்கமோ, பணமோ ஊன்றுகோலாக எஞ்சும். பட்டியற் பெண்ணுக்கு எதுவும் எஞ்சுவதில்லை. எனவே குறை அவரது மனத்திண்மையில் அன்று, அவர் நிற்கும் தரையில் உள்ளது.

சட்டத்தில் மற்றொரு நுணுக்கமும் கவனிக்கற்பாலது. ஒரு சபையில் நூற்றுக்கு இருபதுக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த உறுப்பினரும் பெறும் கட்சியோ சுயேச்சைக் குழுவோ பெண்ணை நியமிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மாத்தளை மாவட்ட மக்களுள் தமிழர் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர். அவர்களும் சிதறி வாழ்கின்றனர். இங்கே தமிழர் தனித்துப் போட்டியிட்டால் ஓரிரு ஆசனங்களே கிட்டக்கூடும். அவற்றுக்கு இவ்விதி பொருந்தாது. பெருங்கட்சியோடு சேர்ந்தாலோ, பட்டியலிற் பெண்ணுக்கென ஒதுக்கிய இடத்துக்குப் பெரும்பான்மைச் சமூகத்துப் பெண்ணும், சிறுபான்மைக்கென ஒதுக்கிய இடத்துக்கு ஆணும் முந்துவர். இரு கதவுகள் திறந்தும் தோட்டத் தமிழ்ப் பெண் வெளியிலேயே நிற்க நேர்கின்றது.

2024 நவம்பர் 14இல் நடைபெற்ற பொதுத் தேர்தலில் மாத்தளை மாவட்டத்துக்குரிய ஐந்து பாராளுமன்ற ஆசனங்களுள் இரண்டைப் பெண்கள் வென்றனர்: தேசிய மக்கள் சக்தியின் தீப்தி வாசலகே, ஐக்கிய மக்கள் சக்தியின் ரோஹிணி கவிரத்ன. அதே தேர்தலில் நுவரெலியாவிற் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் தெரிவாகி, மலையகத் தமிழ்ப் பெண்களின் குரலை முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குக் கொண்டு சென்றனர். ஒதுக்கீட்டின் துணையின்றி, விருப்பு வாக்கினாலேயே இவர்கள் வந்தமை குறிப்பிடத்தக்கது. கட்சியலையும் இவர்களைத் தூக்கியது என்பது உண்மையே. அவ்வலை ஆண்களையும் அவ்வாறே தூக்கியது.

பாராளுமன்றத்தினும் பிரதேச சபையே தோட்டப் பெண்ணுக்கு அண்மையிலுள்ளது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்து வந்தது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவர், வென்ற பின்னர் லயத்துப் பாதையைச் செப்பனிடச் சட்டம் இடந்தரவில்லை என்று கூறிச் செல்லக்கூடியதாயிருந்தது. அப்பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. பெண்கள் நாலிலொரு பங்கினராக வேண்டும் என்ற விதியின்படி சபைகள் முதன்முறை கூடியதும் அதே ஆண்டிலாகும். தண்ணீர்க் குழாய், மலசலகூடம், பிள்ளை மடுவத்துக்குச் செல்லும் பாதை என்பன பற்றிய பிரேரணை இப்போது சட்டப்படி சபையின் முன் வரலாம். அதனைக் கொண்டுவருபவர் தோட்டத்துப் பெண்ணாயின், வேலைநாளிற் கூடும் சபைக்குச் செல்வதற்கு அவர் அன்றைய பெயரை இழக்க வேண்டும். கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வரும் அவருக்குக் கணக்கப்பிள்ளை அரைப்பெயர்தானும் போடுவாரோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும்.