ஐப்பசியில் பூக்கும் பன்னீர் ரோஜா



செபமாலை மாதத்தின் முதல் ஞாயிறு இது. அக்டோபர் 1ஆம் நாள் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் திருநாளைக் கொண்டாடினோம். 7ஆம் நாள் செபமாலை அன்னையின் திருநாள் வருகிறது. பீடத்தின் இரு பக்கமும் நீங்கள் கொண்டுவந்து வைத்த ரோஜாக்கள் நிற்கின்றன. சில கடையில் வாங்கியவை, சில தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வாசலில் பூத்தவை. எது எங்கிருந்து வந்தது என்று அறியப் பக்கத்தில் போய் ஒருமுறை முகர்ந்தால் போதும். அந்த மணத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வீட்டுக்குப் போனதும் புனித யோவான் எழுதிய நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பெத்தானியாவில் விருந்து நடக்கிறது. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவருடைய பாதங்களில் பூசி, தன் கூந்தலால் துடைக்கிறார். அந்த வீட்டில் மணம் எட்டாத மூலையே இல்லாமற்போனதை யோவான் மறக்காமல் பதிவு செய்கிறார். பல பத்தாண்டுகள் கழித்து எழுத உட்கார்ந்தபோதும் அந்த வாசனை அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

யூதாசு உடனே கணக்குப் போட்டான். 300 தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்றான். ஒரு தெனாரியம் அக்காலத் தொழிலாளியின் ஒருநாள் கூலி. அப்படியானால் அந்தத் தைலம் ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு. நாள்கூலியின் அருமையை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் 232 ரூபாய் கூலியை வைத்துக்கொண்டு பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்று கேட்டு மூணாறு வீதியில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர்கள் இந்த மலையின் கொழுந்தெடுக்கும் பெண்கள். ஆகவே யூதாசின் கணக்கு நம் காதுக்கு நியாயமாகக்கூடப் படலாம். ஆண்டவர் அதை ஏற்கவில்லை. தமது அடக்கத்தின் நாளை மனத்தில் கொண்டு அவள் செய்த செயல் அது என்று சொல்லி மரியாவைக் காத்தார். ஏழைகளுக்காக உயிரையே கொடுக்கப்போகிறவர் அந்த மணத்தை வீண் என்று சொல்லவில்லை. இதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் இதே கணக்கு நம் வாசலிலும் நடக்கிறது. லயத்துக்கு முன்னால் கிடப்பதே நாலு முழ மண். அதில் பீன்ஸ் போட்டால் குழம்புக்கு ஆகும், ரோஜா வைத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் உண்டு. பீன்ஸ் போடுங்கள், கேரட்டும் போடுங்கள். ஓரத்தில் ஒரு முழம் மட்டும் ரோஜாவுக்கு விடுங்கள். அந்த ஒரு முழத்தை ஆண்டவர் வீண் என்று சொல்லமாட்டார்.

எந்த ரோஜாவை வைப்பது என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான். பன்னீர் ரோஜா. தோட்டக்கலைக்காரர்கள் எட்வர்டு ரோஜா என்றும் சொல்வார்கள். இளஞ்சிவப்பு நிறம், குட்டைக் காம்பு, நெருக்கமான இதழ்கள். அதன் பிறப்பைத் தேடிப் போனால் வரலாறு நம்மை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்குக் கூட்டிப்போகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தோட்டங்களுக்கு ரோஜாவை வேலியாக நட்டிருந்தார்கள். ஒன்று சீனத்து ரோஜா. மற்றொன்று மேற்கத்திய நாடுகளிலிருந்து வந்த டமாஸ்க் ரோஜா. அந்த டமாஸ்க் வகை வசந்தத்தில் ஒருமுறை பூத்து, மற்ற ரோஜாக்களெல்லாம் ஓய்ந்துவிட்ட இலையுதிர் காலத்தில் மறுபடியும் பூக்கும். இரண்டும் வேலியோரத்தில் தாமாகவே கலந்து ஒரு புதிய செடி பிறந்தது. அந்த வழியில் வந்ததுதான் எட்வர்டு ரோஜா. கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழ் மக்கள் கப்பலேறிப் போன தீவு அது. போடிப் பக்கமிருந்து கங்காணிகளோடு மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு, ஒரு தோட்டத்து வேலியில் பிறந்த இந்தப் பூ உறவுக்காரப் பூவாகவே படுகிறது.

கடையில் வரும் நீண்ட காம்பு ரோஜாவைக் குறைசொல்ல நான் இங்கு நிற்கவில்லை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பிப் பிழைக்கின்றன. அது தொலைதூரம் பயணம் போக வேண்டும், பல நாள் வாடாமல் நிற்க வேண்டும், நிறம் மங்கக் கூடாது. அதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். அந்த ஓட்டத்தில் பெரும்பாலான ரகங்களில் மணம் கைநழுவிப் போனது. மணமுள்ள ஒரு ரகத்தையும் மணமற்ற ஒரு ரகத்தையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். வாசனையை உண்டாக்குவதில் பங்குள்ள ஒரு நொதி, மணமுள்ள ரோஜாவின் இதழில் மும்முரமாக வேலை செய்கிறது. மணமற்றதில் அது ஏறக்குறைய அடங்கிக் கிடக்கிறது.

பன்னீர் ரோஜா அதற்கு நேர்மாறு. காலையில் பறித்தால் மாலைக்குள் தளர்ந்துவிடும். தொட்டால் உதிரும். சந்தைக்கு அது பெருங்குறை. ஆனால் தேர்ப்பவனியில் அன்னையின் சுருபத்துக்கு முன்னால் நம் பிள்ளைகள் தூவுவது எந்தப் பூவை? நற்கருணைப் பவனி போகும் பாதையில் விரிப்பது எதை? நம் பெரியவர்களின் பெட்டியை மூடுமுன் கடைசியாக இடுவது எதை? உதிரத் தெரிந்த பூவைத்தான் தேடிப் போகிறோம்.

குழந்தை தெரேசாவை இந்த இடத்தில் நினைக்காமல் முடியாது. 1873-இல் பிறந்து, 15 வயதில் லிசியே நகரத்துக் கார்மல் மடத்தில் சேர்ந்து, காசநோயில் நுரையீரல் கரைந்து 1897 செப்டம்பர் 30-இல் 24 வயதில் இறந்தவர். மடத்துத் தோட்டத்துச் சிலுவைக்கு இளம் துறவியரோடு சேர்ந்து ரோஜா இதழ்களைத் தூவுவது அவருக்குப் பிடித்த பக்தி. இறந்த ஆண்டு மே மாதத்தில், இதழ் இதழாக உதிர்ந்துபோகும் ரோஜாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பீடத்தில் அழகாக நிற்கும் ரோஜாவாக இருக்க அவர் ஆசைப்படவில்லை. ஆண்டவர் நடக்கும் பாதையில் உதிர்ந்து மிதிபடும் இதழாக இருக்கவே ஏங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமைத் திருநாள். படுக்கையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அவரிடம் ஒரு ரோஜாவைக் கொடுத்தார்கள். பிரான்சு நாட்டில் அது இலையுதிர் காலம் தொடங்கும் நேரம். அவர் அதன் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையிலிருந்த பாடுபட்ட சுருபத்தின் காயங்களை அவற்றால் வருடினார். சில இதழ்கள் கீழே விழுந்தன. அவற்றைப் பொறுக்கி வையுங்கள், பின்னாளில் பிறரை மகிழ்விக்க உதவும் என்று சகோதரிகளிடம் சொன்னார். பதினாறு நாளில் அவர் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு 1898. அவருடைய தன்வரலாறு அச்சில் வந்த ஆண்டு. அதே 1898-இல்தான், அவர் சார்ந்த கார்மல் சபையின் குரு ஒருவர் மூணாற்றில் கார்மல் அன்னையின் பெயரால் ஆலயப் பணியைத் தொடங்கினார். தெரேசாவின் பெயரை அன்று இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆலயம் 2024-இல் பசிலிக்காவாக உயர்ந்தது. மடத்தின் நான்கு சுவருக்கு வெளியே போகாத அந்த இளம்பெண் 1927-இல் மறைபரப்பின் பாதுகாவலியானார், 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநரானார். எந்த வேர் எங்கே தளிர்க்கும் என்பதை இறைவன் ஒருவரே அறிவார்.

இனி செடியைப் பற்றிச் சில வார்த்தைகள். இது மறையுரைக்கு வெளியே உள்ள விஷயம் என்று நினைக்காதீர்கள். தோட்டம் உண்டாக்கி அதில் மனிதனை வேலைக்கு வைத்தவர் நம் கடவுள்.

பன்னீர் ரோஜாவுக்கு நாற்றுப் பண்ணை தேட வேண்டாம். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கி ஊன்றினால் வேர் பிடிக்கும். நம் லயங்களில் இந்தப் பூ பரவியதே அப்படித்தான். காலை வெயில் நன்றாகப் படும் இடமாகப் பாருங்கள். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். ஆடி, ஆவணி மழையில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து கொட்டிப்போயிருந்தால் பயப்படாதீர்கள். கொட்டிய இலையைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள், செடியடியில் கிடந்தால் நோய் மறுபடியும் ஏறும். மக்கிய சாணம் வையுங்கள்.

பிறகு கவாத்து. அதன் அருமை தேயிலைக்காரர்களாகிய உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஓடி வளர்ந்த கிளையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டு வாயில் போர்டோ பசை தடவுங்கள். ஏறக்குறைய 45 நாளில் பூ வரும். குளிர் கூடிய உயரத்தில் இன்னும் சில நாள் பிந்தலாம். செப்டம்பர் தொடக்கத்தில் வெட்டியவர்களுக்குக் கல்லறைத் திருநாளுக்குப் பூ கிடைக்கும். இன்று மாலை வெட்டினால் திருவருகைக் காலத்துக்குக் கிடைக்கும். டிசம்பரில் உறைபனி விழும் டிவிஷன்களில் இருப்பவர்கள் இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் அவர்களுக்கும் சொல்லுங்கள். 2013-இல் உருவான சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தில் இருக்கும் நம் தமிழ் மக்கள் அவர்கள். அங்கே மழை குறைவு, கரிசல் மண். ஐப்பசி மழை இறங்கும்போது வெட்டினால் அவர்களுக்குச் சரியாக வரும்.

பூத்த பிறகு அனுபவியுங்கள். இதை ஒரு கட்டளையாகவே சொல்கிறேன். நம்மில் பலர், முக்கியமாகப் பெண்கள், வளர்ப்பார்கள், பறிப்பார்கள், கோயிலுக்குக் கொடுப்பார்கள். தாம் நின்று ஒருமுறை முகரமாட்டார்கள். ரோஜா எண்ணெய் எடுக்கிறவர்கள் பூவை விடியலிலேயே பறித்துவிடுவார்கள். வெயில் ஏற ஏற மணம் காற்றோடு போய்விடும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டியிருக்கிறது. அவ்வளவு அரிய ஒன்றை இறைவன் உங்கள் வாசலில் காசில்லாமல் வைத்திருக்கிறார். காலையில் மஸ்டருக்குப் புறப்படுமுன் செடியருகில் ஒரு நிமிடம் நில்லுங்கள். குனிந்து முகருங்கள். ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடமும் செபம்தான்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலருடைய மனம் எனக்குத் தெரியும். பென்ஷனாகிவிட்டோம், லயத்தைக் காலிசெய்ய வேண்டும், இனி நமக்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். சிலரை வாழ்க்கை அடிவரைக்கும் வெட்டிவிட்டது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேரை இழந்தோம். அந்தக் குடும்பங்களிடம் போய், கவாத்து வெட்டினால் பூ வரும் என்று எளிதாகச் சொல்லிவிட நான் துணியமாட்டேன். மண் சரிந்ததைக் கடவுளின் கத்தி என்று சொல்வது பாவம். இவ்வளவு மட்டும் சொல்வேன்: அந்த வெட்டுக்குப் பிறகும் அவர்களில் பலர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பதையும், நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோவதையும், இந்த ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குவதையும் நாம் பார்க்கிறோம். கிறிஸ்துவின் நறுமணமாக இருக்கிறோம் என்று புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதன் பொருள் எனக்கு அவர்களைப் பார்த்த பிறகே விளங்கியது. இலையுதிர் காலத்தில் மறுபடியும் பூக்கும் அந்த டமாஸ்க் ரோஜாவைப் போல, வருடத்தின் இரண்டாம் பூப்பு அவர்களிடம் இருக்கிறது.

நவம்பர் 2-ஐ இப்போதே நினைவில் வையுங்கள். சென்ற ஆண்டுகளில் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்த இளைஞர்கள் மூட்டை மூட்டையாக அள்ளியது வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் மாலைகளை. மக்காத அந்தக் குப்பை மழையில் ஓடையில் இறங்கி, நாம் குடிக்கும் தண்ணீரில் சேர்கிறது. பெத்தானியா மரியா ஆண்டவரின் அடக்கத்தை முன்னிட்டு உண்மையான மணத்தைக் கொடுத்தார். நம் இறந்தோருக்கும் உண்மையான பூவைக் கொடுப்போம். இந்த ஆண்டு யாரும் பிளாஸ்டிக் மாலை வாங்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பூத்தவர்கள் பூக்காதவர்களுக்கு ஒரு கை இதழ் கொடுங்கள். ஒவ்வொரு அன்பியமும் பத்துக் குச்சிகளையாவது அடுத்த ஞாயிறு திருப்பலிக்குக் கொண்டுவரட்டும். மந்திரித்து, கல்லறைத் தோட்டத்தின் வேலியோரமாக நாம் எல்லாரும் சேர்ந்து ஊன்றுவோம். திருப்பலி காலை 7 மணிக்கு. மண்வெட்டி இருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள்.