கல்லும் கணக்கும்

ஒரு கட்டடத்தின் அழகை மதிப்பிட முற்படுபவன் அதன் கணக்கேட்டையும் புரட்ட வேண்டுமா? வேண்டியதில்லை என்பர், கலை கலைக்காகவே எனும் கட்சியினர். இங்கிலாந்தில், யோர்க்ஷயரில் உள்ள ஹேர்வூட் மாளிகையை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்வோம்.

1759இல் எட்வின் லாசெல்ஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஜோன் கார் வரைந்த திட்டத்தை றொபேட் அடம் திருத்தினார். நடுவே உயர்ந்த பகுதி; இருமருங்கும் ஒன்றையொன்று ஒத்த சிறகுகள்; யாவும் கல். உள்ளே நெடுங்கூடத்தில், சாளரங்களுக்கு மேலே கனத்த துணி மடிந்து தொங்குகிறது. துணியன்று, தோமஸ் சிப்பண்டேலின் பட்டறையார் குஞ்சம் வரை செதுக்கிய மரம். நான் அதைப் படத்திலேயே கண்டவன். மரமென்பதைப் படத்தின் கீழிருந்த குறிப்பே எனக்குச் சொல்லிற்று. அந்தத் தச்சனின் கையை வியவாதிருக்க முடியவில்லை.

அக்குடும்பத்தின் செல்வமோ மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பிலும் அடிமை வாணிகத்திலும் விளைந்தது. 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டமியற்றிய பிரித்தானியப் பாராளுமன்றம், உடைமையாளருக்கென 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கிற்று. பார்படோஸிலும் ஜமேக்காவிலும் தமக்கிருந்த 1,277 மனிதருக்காக ஹேர்வூட் பிரபு பெற்றது 26,309 பவுண். தலைக்கு 20 பவுணுக்குச் சற்று மேல். விடுதலை பெற்றோருக்குச் சல்லிக்காசும் இல்லை. பெரும்பாலோர் 1838 வரை ‘பயிலுநர்’ என்ற பெயரில் பழைய எசமானருக்கே ஊதியமின்றி உழைத்தனர். 1840களில் சார்ள்ஸ் பரி சிறகுகளை உயர்த்தி, தெற்கே அகன்ற உயர்முற்றமொன்றும் சமைத்தார்.

பணம் அழுக்காயினும் கல் என்ன பிழை செய்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல் வெட்டியவனும் கூலியாளே. மாளிகையை இகழ்ந்தால் அவன் உழைப்பையும் இகழ்ந்தவராவோம். ஆயினும் இங்கே கட்டட அமைப்பையே சற்று உற்று நோக்குதல் வேண்டும். சமையலறையும் பணியாளர் அறைகளும் கீழ்த்தளத்தில். ஊர் மக்களின் வீடுகள் பூங்கா வாயிலுக்கு வெளியே. சாளரத்தில் நிற்கும் பிரபுவின் கண்ணுக்கு லான்சலட் பிரவுண் அமைத்த ஏரியும் புல்வெளியுமே படும். உழைப்பவர் எவரும் தென்படாதபடி பார்வையை வகுத்ததும் அந்தக் கலையின் ஒரு வேலையே. பார்படோஸ் வெறுமனே இன்னும் சற்றுத் தொலைவில் இருந்தது. கணக்கேட்டை மூடிவிட்டு அழகை மாத்திரம் காண்போம் என்பவர், நடுநிலையில் நிற்பதாக எண்ணிக்கொண்டு, பிரபுவின் சாளரத்திலேயே நிற்கிறார்.

இன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ள அம்மாளிகையிலேயே இவ்வரலாறும் சொல்லப்படுகிறது. சுவை கெடுகிறதென்று குறைப்படுவோர் உளர். எனக்கோ, அந்த மரத்துணியை மீண்டும் ஒருமுறை, இன்னும் நெடுநேரம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.