கடனில் எழுந்த மாளிகை



மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் ஜும்ஆவுக்காகத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிக்கு வருபவர்கள் உங்களில் இருக்கலாம். வரும் வழியில் சேப்பாக்கம் மாளிகையைக் கடந்திருப்பீர்கள். அதன் வரலாற்றில் நமக்கு ஒரு படிப்பினை இருக்கிறது.

பாரசீகம் அரசவை மொழியாக இருந்த காலம் அது. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-இல் இம்மாளிகையை எழுப்பினார். கலச மஹால், ஹுமாயூன் மஹால் என்று இரு பகுதிகள், கூர்வளைவுகள், குவிமாடங்கள். இதைக் கட்டியவர் என்று சொல்லப்படும் கம்பெனிப் பொறியாளர் பால் பென்ஃபீல்டு, நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களுள் ஒருவர்! அந்தக் கடன்களுக்கு ஈடாக ஊர் ஊராக நிலவரி வருமானம் எழுதிக் கொடுக்கப்பட்டது. சுமை கடைசியில் உழவரின் தலையில் இறங்கியது.

1801-இல் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போனது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்தார். பிறகு கடனுக்காக மாளிகையே ஏலத்துக்கு வந்து, அரசாங்கத்திடம் சேர்ந்தது. பாரசீக மன்னர் கிஸ்ராவின் மதாயின் மாளிகையும் இப்படித்தான் கைமாறியது. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அதனுள் நுழைந்தபோது, தோட்டங்களையும் ஊற்றுகளையும் விட்டுச் சென்றவர்களைப் பற்றிய 'அத்துகான்' அத்தியாய வசனங்களை ஓதினார்கள் என வரலாறு கூறுகிறது.

"மாளிகை கைவிட்டுப் போனது, 1795-இல் வாலாஜா குடும்பத்தார் எழுப்பிய பள்ளிவாசல் நிலைத்தது" என்று சொல்லி முடித்துவிடலாம். கருங்கல்லால் ஆன அப்பள்ளியில் இன்றும் தொழுகை நடக்கிறது. அதன் பாரசீகக் கல்வெட்டு வரிகளை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர் என்பதும் மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கடன் தீராதிருக்கும்போது செய்த தர்மம், அந்தக் கடனைக் கரைத்துவிடுமா?

கடனோடு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்க முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்பே தொழவைத்தார்கள். தொழுகை அல்லாஹ்வின் உரிமை. கடன் அடியானின் உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது.

நவாபுக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அவருடைய கணக்கு அல்லாஹ்விடம். நம் கணக்கை நாம் பார்ப்போம். அடையாறில் வீடு கட்டினோமே, மேஸ்திரியின் கூலி பாக்கி இருக்கிறதா? தியாகராய நகரில் நகை வாங்கிப் பெரிய மண்டபத்தில் மகளை மணமுடித்தோமே, கைமாற்றுக் கொடுத்த சகோதரர் இன்னும் நம் வாசலில் நிற்கிறாரா? அப்படியிருக்க, பள்ளிவாசல் நன்கொடைப் பலகையில் நம் பெயர் முதலில் வருவதால் என்ன பயன்?

இன்று வீடு திரும்பியதும் முதலில் ஒரு பாக்கியையாவது தீருங்கள். முடியாவிட்டால், அவரைத் தேடிச் சென்று தவணை கேளுங்கள், முகத்தை மறைக்காதீர்கள்.

பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக அல்லாமல், தீர்த்தவர்களாக மரணிக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.